ஓரம் வெட்டிய படம்

பூநாரைக் கூட்டம் ஒட்டுமொத்தமாக எழும்புகிற அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எப்படிடா எடுத்தே என்று நிறையப் பேர் கேட்டார்கள். "லக்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் போட்டேன். பொய்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. மீஞ்சூர், பொன்னேரி வழியாக பைக்கில் பழவேற்காடு போனோம், நானும் நண்பனும். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர். கோட்டை போய்விட்டது; கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. பாலம் தாண்டினால் கடற்கரை. மணல், வலை, வெயில், காலி பாட்டில்கள். அரை மணி நேரத்தில் போதும் என்றாகி ஏரிப்பக்கம் திரும்பிவிட்டோம்.

ஏரியில்தான் அவை நின்றன. பூநாரை மேயும்போது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். நாக்கு பம்பு மாதிரி வேலை செய்து நீரை இழுத்துத் தள்ள, அலகோரச் சல்லடையில் பாசியும் சின்னச் சின்ன உயிர்களும் தங்கும். உடம்பில் ஏறுகிற சிவப்பே அந்தத் தீனியின் உபயம்தான். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆனால் இறக்கையை மடக்கி நின்றால் தூரத்துக்கு அழுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். பறந்தால்தான் அந்தச் சிவப்பு.

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரைக்கும்கூடத் தண்ணீர் இல்லை, எல்லாம் சேறு. கொஞ்சம் தள்ளி ஒரு அம்மா குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தார். ஓலையில் பின்னிய பையைப் பல்லில் கடித்திருந்தார், கை இரண்டும் வேண்டுமே. நான் பலமாகக் கைதட்டினேன். மொத்தக் கூட்டமும் எழும்பியது. கிளிக், கிளிக்.

திரும்பி வரும்போது அவர் பையை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா தம்பி, அதுபாட்டுக்கு மேஞ்சிகினு இருந்துச்சு."

"சாரிம்மா, ஒரு போட்டோவுக்குத்தான்."

"நீ மிதிச்ச மிதில எறாவும் ஓடிப்போச்சு. இனிமே அங்கதான் போவணும்." தொலைவாகக் கையைக் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை, கிலுகிலுப்பை எல்லாம் முடைகிறார்கள். அம்மாவுக்கு ஒரு மூடிப்பெட்டி எடுத்தேன், வெள்ளை ஓலையில் ரோஸ் கட்டம் போட்டது. 300 ரூபாய். "250க்குக் குடுங்கக்கா" என்று பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"ஓலையக் காய வெச்சு, சாயத்துல கொதிக்க வெச்சு, சன்னமாக் கிழிச்சு... இது ஒன்றரை நாள் வேலை தம்பி" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சரி, குடு" என்றார். ஓலை அறுத்த கோடுகள் விரல் நுனியெல்லாம். பாக்கி 50 ரூபாயை நான் வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன்.

பெட்டியில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறார். எங்கே வாங்கினாய், என்ன விலை என்று கேட்டபோது 300 என்றுதான் சொன்னேன்.

படத்தின் இடது ஓரத்தில் அந்த எறா பிடிக்கிற அம்மா விழுந்திருந்தார். பதிவேற்றும் முன் அந்த ஓரத்தை வெட்டினேன். வெட்டாத படம் இன்னும் போனில் இருக்கிறது. அதில் பறவைகள் எல்லாம் மேலே போகின்றன. அவர் நிமிர்ந்து, பல்லில் பையோடு, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.