கொதிக்கவைத்தும் போகாதது

எலியின் தொடை எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏழு நாள் வளர்த்தால், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் கிடைக்கும். அவை தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அவற்றைச் சும்மா கிடக்க விடுவதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு புரதம் தயாரித்து அந்தச் செல்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் எலிசா தட்டில் அமிலம் விட்டதும் குழிகள் பளிச்சென்று மஞ்சளாயின. அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் ஏராளமாகச் சுரந்திருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அன்றிரவு தூக்கமே வரவில்லை.

"கொதிக்கவச்சுப் பாத்தியாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

கொதிக்கவைத்தேன். புரதம் குலைந்த பிறகும் மஞ்சள் குறையவில்லை. எல்பிஎஸ்ஸை முடக்கும் பாலிமிக்சின் பி மருந்தைச் சேர்த்ததும் வெளுத்துவிட்டது. செல்களை எழுப்பியது என் புரதமல்ல; அதோடு ஒட்டிவந்த எல்பிஎஸ், ஈ.கோலையின் வெளிச்சவ்வுக் கொழுப்பு.

எல்பிஎஸ் லேசில் அழியாது. 121 டிகிரி ஆட்டோகிளேவில் பாக்டீரியா சாகும், இது பிழைத்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தால்தான் நம்பலாம். செல்லை எழுப்பவோ மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமே போதும். எல்பிஎஸ்ஸின் ஆறு கொழுப்பு வால்களில் ஐந்து, செல்லின் மேலுள்ள டிஎல்ஆர்4 ஏற்பியோடு இணைந்திருக்கும் எம்டி-2 புரதத்தின் குழிக்குள் புகுந்துகொள்கின்றன. வெளியே நிற்கும் ஆறாவது வால் பக்கத்து டிஎல்ஆர்4-ஐ இழுத்துச் சேர்க்கிறது. அந்த இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே சேதி போகும். என்எஃப்-கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். ஒற்றை வாலில் இத்தனையும் தொங்குவதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

இந்த ஏற்பியைக் காட்டிக்கொடுத்தது சி3எச்/ஹெச்இஜே என்ற எலி. எல்பிஎஸ் கொடுத்தாலும் அசையாத இனம். அதன் டிஎல்ஆர்4-இல் 712-ஆம் இடத்துப் புரோலின் ஹிஸ்டிடினாக மாறியிருப்பதை 1998-இல் புரூஸ் பொய்ட்லரின் குழு கண்டது. எல்பிஎஸ்ஸுக்கு அசையாத அந்த எலி சால்மோனெல்லா தொற்றில் எளிதில் மாண்டுபோகிறது. அழற்சியைத் தீமை என்றே பேசுவோரிடம் நான் முதலில் சொல்வது இந்த எலியைப் பற்றித்தான்.

அதே காலத்தில் எல்பிஎஸ்ஸின் ஏற்பி டிஎல்ஆர்2 என்றும் கட்டுரைகள் வந்தன. 2000-இல் எல்பிஎஸ்ஸை மறுபடி சுத்திகரித்துப் பார்த்தபோது டிஎல்ஆர்2 வழி வந்த விளைவு மறைந்தது. அதைக் கிளப்பியது ஒட்டிக்கொண்டிருந்த வேறு பாக்டீரியக் கலப்பு. அதைப் படித்த பிறகுதான் என் பிழைமீது எனக்கிருந்த கூச்சம் தணிந்தது.

இப்போது மாணவர்கள் தட்டைக் கொண்டுவந்தால், எதுவும் சேர்க்காத குழியைத்தான் முதலில் பார்க்கிறேன். அது லேசாக மஞ்சளித்திருந்தாலும் மற்றக் குழிகளின் எண்களைக் கேட்பதில்லை.