மடிக்கணினிக்கு வந்த காய்ச்சல்

(இளங்கலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

காய்ச்சல் உயிருள்ளவற்றுக்கே உரியது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ராயப்பன்பட்டி வீட்டில் ஒரு மடிக்கணினி பட்ட பாட்டைக் கண்டபின் அவ்வெண்ணம் மாறிவிட்டது.

அது என்னுடையதன்று, அக்காவினுடையது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ மாணவியான அவளுக்குக் கிடைத்தது. மூடியில் அரசு முத்திரையோடு அது வீட்டுக்கு வந்த மாலையில் தெருவே கூடி வந்து பார்த்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் அக்காவுக்கு. ஆனால் அவ்வாண்டு திராட்சைக்கு விலையில்லை. அவளைக் கல்லூரிக்கு அனுப்ப அப்பாவின் கையில் பணமும் இல்லை; உண்மையைச் சொன்னால், மனமும் இல்லை. இரண்டே ஆண்டில் திருமணம் முடிந்து கூடலூர் போனாள் (நீலகிரிக் கூடலூர் அன்று, நம் கம்பம் கூடலூர்தான்). போகும்போது, "தம்பி, நீ வச்சுப் படி. எனக்கு வேணும்னா கேப்பேன், அப்பக் குடுத்துரணும்" என்று சொல்லிக் கணினியை என்னிடம் கொடுத்தாள்.

சென்ற ஏப்ரலில் கேட்டாள். தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்திருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாளாம். தொலைபேசியில் அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனெனில் அவளுடைய கணினி அப்போது கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அடிப்பாகம் தோசைக்கல்லாய்க் காயும், விசிறி ஓலமிடும், பிறகு திரை பொசுக்கென்று இருண்டுவிடும். வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன்: 96 டிகிரி செல்சியஸ். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் திறந்துகூடப் பாராமல், "போர்டு போச்சு தம்பி, ஆறாயிரம் ஆகும்" என்றார். ஆறாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?

சோர்ந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம் அப்பா விசாரித்தார். சொன்னேன். அவர் கணினியைத் தொட்டே பழகாதவர். ஆயினும் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை முப்பது ஆண்டுகளாகப் பேணி வருபவர். "மோட்டாரு சூடானா மொதல்ல என்னடா பாப்போம்? காத்துப் போற வழியத்தான?" என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது, நண்பர்களே! வெப்பக் கடத்தலைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். செயலியின் மேல் ஒரு தாமிரக் குழாய் கிடக்கிறது. அதனுள்ளே இருக்கும் சிறிதளவு நீர்மம் சூட்டில் ஆவியாகி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகளிடம் வெப்பத்தை விட்டுவிட்டு, மீண்டும் நீர்மமாகி, நுண்துளைகளின் வழியே திரும்பி வருகிறது. தகடுகளின் சூட்டை விசிறிக் காற்று வெளியே தள்ளவேண்டும். காற்றுக்கு வழியில்லையேல் சூடு எங்கே போகும்? முதலில் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை இரவு இருவரும் உட்கார்ந்தோம். மின்னிணைப்பைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றியதும் மின்கலத்தின் இணைப்பையும் எடுத்தேன். திருகாணிகள் ஒரே நீளமல்ல. மாற்றிப் போட்டால் பலகையைத் துளைத்துவிடும். எனவே ஒரு தாளில் கணினியின் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் ஒட்டிவைத்தேன். விசிறியைத் தூக்கினோம். தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல ஒன்று அடைத்திருந்தது! பாதி தோட்டத்து மண்தூசு. மீதி இலவம்பஞ்சு. போடிப் பக்கம் வாங்கிய தலையணையின் மேல் கணினியை வைத்து நள்ளிரவு வரை படம் பார்த்தவன் யார் என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இடுக்கியால் அதை உரித்தெடுத்தேன். வாயால் ஊதப் போனேன்; எச்சில் ஈரம் படும் என்று நினைவு வந்து நிறுத்தினேன். அப்பா சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தார். விசிறி தாறுமாறாகச் சுழன்றால் அதன் தாங்கி கெடும். ஆகவே இறக்கைகளிடையே ஓர் ஈர்க்குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்ள, அவர் காற்றடித்தார். செயலிமேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்து, கம்பத்தில் வாங்கிவந்த புதுப் பசையைக் கடுகளவு வைத்தேன். மூடும்போது ஒரு கொக்கி முறிந்தது. திருகாணி ஒன்று மிஞ்சியது. அது எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை.

மின்சாரம் கொடுத்தோம். கால் மணி, அரை மணி, ஒரு மணி. எண் 70-ஐத் தாண்டவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் படுக்கப் போனார்.

ஞாயிறன்று அக்கா வந்தாள். முறிந்த கொக்கியையும் தலையணைக் கதையையும் நானே சொல்லிவிட்டேன். அவள் திட்டி முடிப்பதற்குள் அப்பா கொல்லையிலிருந்து வந்தார். கையில் ஒரு பலகை. நன்றாக இழைத்து, அடியில் இரண்டு சட்டங்கள் அடித்து, காற்றுப் போக நடுவில் துளைகள் போட்டிருந்தார். சனிக்கிழமை முழுவதும் அவரைத் தோட்டத்தில் காணாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"இது மேல வச்சுப் படிம்மா" என்றார், அவள் முகத்தைப் பாராமலே.

அக்கா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணினிக்கு முன்பாக அதைத்தான் பைக்குள் வைத்தாள்.