மானியில் எரிந்த ஏடுகள்

அரபு மொழியைக் கற்று, அதையே கற்பித்தும் வருபவனுக்கு, அம்மொழிச் சொல் ஒன்று அயல்நாட்டு நூலில் எதிர்ப்பட்டால் உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி தோன்றும். ஆயினும், ‘மஸ்ஜித்’ என்னும் சொல்லை ஓரிடத்தில் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை, திகைப்பே தோன்றிற்று. மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி ஹெர்னான் கோர்த்தேஸ் 1520இல் தன் மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், அந்நாட்டுக் கோயில்களை ‘மெஸ்கித்தா’ என்றே குறிப்பிடுகிறான். மஸ்ஜித் என்னும் சொல் ஸ்பானியர் நாவில் அடைந்த உருவமே அது. அவனுக்கு முன்பே, 1517இல் யுகத்தான் கடற்கரையில் மாயர்களின் ஊரொன்றைக் கப்பலிலிருந்து கண்ட ஸ்பானியர், அதற்குப் ‘பெரிய கெய்ரோ’ என்று பெயரிட்டனர்.

பாங்கொலியே கேட்டறியாத மக்களின் கோயிலுக்கு மஸ்ஜித் என்று பெயர் வந்தது எவ்வாறு? 1492 சனவரி 2ஆம் நாள் கிரானடா வீழ்ந்தது. அதே ஆண்டில்தான் கொலம்பஸ் கப்பலேறினான். பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்களோடு பொருதும் பழகியும் வந்த நாட்டினருக்கு, அயலார் வழிபாட்டிடம் எதுவாயினும் அது மஸ்ஜிதாகவே தென்பட்டது. 1500ஆம் ஆண்டையொட்டிக் கிரானடாவில் அரபு நூல்களைக் குவித்துத் தீக்கிரையாக்கச் செய்தார் பேராயர் சிஸ்னெரோஸ். மருத்துவ நூல்கள் சிலவே தப்பின. அந்தத் தீயும் கடல் கடந்து சென்றது என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி.

அங்கு வாழ்ந்தோர் எத்தகையோர்? மெக்சிகோ வளைகுடாக் கரையில் கி.மு. 1200 அளவில் தழைத்திருந்தவர்கள் ஒல்மெக்கர். அவர்கள் செதுக்கிய மாபெரும் மனிதத் தலைகள் 17 இதுவரை கிடைத்துள்ளன. வண்டியும் பொதிமாடும் இல்லாத அக்காலத்தில், பல டன் எடையுள்ள அக்கருங்கற்களைத் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து மனிதக் கரங்களே கொணர்ந்தன. பின்னர்ச் சிறந்தோங்கிய மாயர்கள் இருபதை அடியாகக் கொண்டு எண்ணினர். நாம் ‘ஸிஃப்ர்’ என்னும் சுழியத்தைச் சங்கு போன்றதோர் குறியால் எழுதினர். வெள்ளிக் கோளின் வட்டத்தை 584 நாள் எனக் கணித்தனர். அஸ்தெக்கரோ 1325இல் ஏரித் தீவொன்றில் தெனோச்தித்லான் நகரை எழுப்பி, 1521 ஆகஸ்டு 13இல் அதைக் கோர்த்தேஸிடம் இழந்தனர்.

அவர்களிடம் நரபலி இருந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. பெண் மகவை உயிரோடு புதைத்த அறியாமைக் கால அரபியரின் வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்கு, இறைவழிகாட்டுதல் இழந்த மனிதன் எவ்வளவு அறிவாளியாயிருந்தும் எத்துணைத் தாழ முடியும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், அக்கொடுமையை ஒழிக்க அவர்களின் நூல்களையும் ஒழிக்க வேண்டுமோ? இங்கேதான் என் வினா தொடங்குகிறது.

1562 சூலை 12ஆம் நாள், யுகத்தானில் மானி என்னும் ஊரில், டியேகோ டி லாந்தா என்னும் பாதிரியார் மாயர்களின் சிலைகளோடு அவர்களின் ஏடுகளையும் எரித்தார். அவற்றில் மூடநம்பிக்கையும் சைத்தானின் பொய்யுமன்றி வேறில்லை என்பது அவர் கூற்று. ஏடுகள் எரிவதைக் கண்டு அம்மக்கள் பெரிதும் வருந்தினர் என்பதையும் அவரே தம் நூலில் வியப்போடு எழுதி வைத்துள்ளார். மாயர்களின் பழைய ஏடுகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ், மெக்சிகோ ஆகிய நகரங்களில் அவை காக்கப்படுகின்றன. மானியில் தீ மூட்டப்பட்டு ஐந்தாண்டுகள் செல்லுமுன், 1567இல், அதே மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரானடா முஸ்லிம் வழியினர் அரபு பேசுவதையும் எழுதுவதையும் தடுத்தது. கடலின் இரு கரையிலும் ஒரே ஆட்சி, ஒரே அச்சம்.

நம் முன்னோர் இத்தகைய நூல்களை என் செய்தனர்? இம்ருஉல் கைஸின் பாடலில் மதுவும் உண்டு. மார்க்கம் ஒப்பாத மற்றவையும் உண்டு. எனினும் உலமாக்கள் அதை எரிக்கவில்லை; மனனம் செய்தனர்; உரை எழுதினர்; இன்றும் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கின்றனர். திருமறையின் அரிய சொற்களுக்குப் பழங்கவிதையில் பொருள் தேடுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதாக நம் நூல்கள் கூறுகின்றன. அல்பிரூனியோ சமஸ்கிருதம் பயின்று, 1030ஆம் ஆண்டளவில் இந்தியரின் கொள்கைகளை உள்ளது உள்ளவாறே எழுதினார். ஒன்றை ஏற்காமலே அதை அறிந்துகொள்ளலாம் என்பது நம் மரபு. அறியாமல் மறுப்பது எளிது. அறிந்து மறுப்பதன்றோ கல்வி!

இனி, வரலாற்றின் விந்தையைக் காண்க. ஏடுகளை எரித்த அதே லாந்தா, மாயர்களின் எழுத்துகளை அறிய விரும்பி, ஸ்பானிய எழுத்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றுக்கு நேரான குறிகளை மாயர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்துத் தம் நூலில் சேர்த்திருந்தார். அப்பட்டியலால் பயனில்லை என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஒதுக்கினர். 1952இல் யூரி நோரோசொவ் என்னும் ரஷ்ய அறிஞர் அதன் சூட்சுமத்தைக் கண்டார். லாந்தா கேட்டது தனி எழுத்து; மாயர் எழுதிக் கொடுத்ததோ செவியில் விழுந்த அசை. நம் க, கி, கு போல ஒரு குறி ஓர் அசையைக் காட்டுவது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயிர்மெய்யும், அரபுப் பிள்ளைகளுக்கு ஹரகத்தும் சொல்லிக் கொடுப்பவனுக்கு இந்நுட்பம் உடனே விளங்கும்.

குறிகள் வாய்திறந்தபின் கற்களும் பேசலாயின. பாலென்கே நகரில் பக்கால் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அரியணை ஏறியது 615ஆம் ஆண்டு என இன்று படிக்கிறோம். நபித்தோழர்கள் அபிசீனியாவுக்கு முதல் ஹிஜ்ரத் செய்ததும் அதே ஆண்டில் அன்றோ! ஒருவரையொருவர் அறியாத இரு கரைகளை ஒரே ஆண்டில் வைத்துக் காணும் பேறு, எழுத்தைப் படிக்கத் தெரிந்ததால் வந்தது.

எழுத்தை இழந்தும் மாயர்கள் மொழியை இழக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே தம் தொல்கதையான ‘போபோல் வூ’வை அயலாரின் லத்தீன் எழுத்தில் எழுதி வைத்தனர். அவர்களின் மொழிகளைக் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். ஸ்பெயினில் எஞ்சிய முஸ்லிம்களோ இதன் மறுதலையாக, ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அத்தகைய ஏடுகள் பல, 1884இல் அல்மொனாசித் என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, ஒளித்து வைத்த இடத்திலிருந்து வெளிப்பட்டன.

இதைப் படிக்கையில் நம் அரபுத் தமிழ் நினைவுக்கு வராதிருக்குமோ? தமிழை அரபு எழுத்தில் எழுதி, வீட்டிலிருந்த பெண்மக்களுக்கும் மார்க்கக் கல்வியைக் கொண்டு சேர்த்தனர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ அவ்வாறு எழுந்த நூலே. அந்நூல்களை எந்தப் பேராயரும் கொளுத்தவில்லை. எந்த மன்னனும் தடுக்கவில்லை. பரணில் கிடக்கின்றன, கரையான் படிக்கிறது. என்னிடம் ஓதும் மாணவர்களில் அரபு எழுத்தறியாதார் இல்லை, தமிழறியாதாரும் இல்லை. இரண்டும் ஒன்றாய் நிற்கும் பக்கத்தை நீட்டினால் தடுமாறாமல் படிப்போரோ ஓரிருவர்.

மாயர்களுக்கு நேர்ந்தது நெருப்பு. நமக்கு நேர்வது மறதி. நெருப்பை மூட்டியவன் பெயரேனும் வரலாற்றில் நிற்கிறது. மறதிக்கு அப்படியொரு பெயரும் இல்லை. ஆகவே, அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் ஒருவரேனும் இருப்பின், அவர் இருக்கும்போதே பரணிலுள்ள ஏட்டை எடுத்துத் தூசு தட்டி அவர் கையில் கொடுங்கள். அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். பிள்ளைகள் அருகிலிருந்து தமிழ் எழுத்தில் எழுதிக் கொள்ளட்டும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும். அதற்கான நேரத்தையும் நாட்டத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!