தலைக்கயிறு

கொழும்பில் முடி நடுகைச் சிகிச்சை செய்துகொண்டு பதினான்கு மாதங்களாகின்றன. நட்ட முடி முதலில் உதிரும், நான்காம் மாதமளவில் முளைக்கும், ஓராண்டில் பலன் தெரியும் என்பது வைத்தியக் கணக்கு. என் நெற்றியிலோ கைவிடப்பட்ட தேயிலை மலைபோல அங்குமிங்கும் சில செடிகள்தாம்.

மீண்டும் நடலாமா? பிடரி முடி எங்கு நட்டாலும் தன் குணத்தை விடாது என்று நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஒரென்றைக் 1959இல் எழுதினார். ஆனால் அந்தப் பிடரி வற்றாத ஊற்றன்று. வேரோடு எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. மினொக்சிடில் பூசலாம், நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். வாங்கிய கடனோ நிற்பதாயில்லை!

புசல்லாவை லயத்தில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் முக்காட்டை விலக்கினாள். முப்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்திய உச்சியில் கையகல வழுக்கை. என்னைப் படிக்கவைத்த கூடை அது. இத்தனை காலம் நான் அதைப் பார்த்ததேயில்லை.

"ஏன் தம்பி, இதுலயும் நட்டுவிடுவாங்களா?" என்று சிரித்தாள்.

நீண்டகால இழுவையில் முடிவேர் வடுவாகிவிட்டால் மருந்து பயன்படாது. வடுவாகிவிட்டதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் நடுகையை ஒத்திவைத்துவிட்டேன். அடுத்த கிழமை கண்டி அரசாங்க வைத்தியசாலைக்கு இருவரும் போகிறோம். முதல் துண்டு அம்மாவின் பெயரில்.