கேஸைத் திறக்காத போமன்

ஜொகூர் பாலத்தில் நெரிசல் நீளும்போது அதிகம் அடிபடுவது ரேடியேட்டர்தான். 1924இல் திறந்த பாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம். சில நாள்களில் அதைக் கடக்க மணிக்கணக்கில் ஆகிறது. காடி நகராது, எதிர்க்காற்று இல்லை, ஏர்கோன் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் தன் சூட்டையும் பின்னால் தள்ளும். வருஷக்கணக்கில் இப்படி வெந்த பிளாஸ்டிக் தொட்டி ஒருநாள் விளிம்பில் கீறல் விடுகிறது.

அப்படிக் கீறல் விட்ட பழைய ஆட்டோ கியர் புரோட்டான் ஒன்று மாசாயில் ஒரு பட்டறையில் நின்றது. போமன் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே ஸ்பேனர் பிடித்தவர். கூட ஒரு பையன், எஸ்கேஎம் தொழில்திறன் சான்றிதழுக்குப் படிப்பவன்.

"ஏர்கோன் பைப்பையும் கழட்டணுமாண்ணே?" என்று கேட்டான்.

"கேஸ் பக்கம் கையே போகக்கூடாதுடா. அத அது இடத்துலயே விட்டுட்டுத்தான் வேலைய முடிக்கணும்."

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அடித்திருகைத் தளர்த்திப் பச்சைக் கூலன்டை ஒரு தொட்டியில் பிடித்தார்கள். இனிப்பான நஞ்சு அது. நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். பையன் தொட்டியை உடனே மூடி வைத்ததைப் பார்த்ததும் அந்தப் பட்டறைமேல் எனக்கு மதிப்பு வந்தது. ஹோஸ்கள், விசிறிகள், கியர் எண்ணெய் போய்வரும் இரண்டு மெல்லிய குழாய்கள் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. அழுக்கு போகாதபடி எண்ணெய்க் குழாய்களின் வாயை அண்ணன் அடைத்துவிட்டார்.

இனிமேல்தான் கைவேலை. அந்தக் காடியில் கண்டென்சர், ரேடியேட்டரோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது. பூட்டைக் கழற்றினால் அதன் கனம் முழுக்க இரண்டு அலுமினியக் குழாய்களில் இறங்கும். குழாய் வளைந்து இணைப்பில் கசியும். அதனால் முதல் போல்ட்டைத் தொடும் முன்பே அண்ணன் கயிற்றை எடுத்தார். கண்டென்சரின் இரு காதுகளிலும் கோத்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். விரலால் தள்ளிப் பார்த்தார், ஆடவில்லை. இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகினார். கண்டென்சரின் தகடுகள் அப்பளம் மாதிரி, நகம் பட்டாலே மடங்கும். பிறகுதான் போல்ட்டுகளைக் கழற்றினார். பையன் ரேடியேட்டரை இஞ்சின் பக்கம் லேசாகச் சாய்க்க, அண்ணன் நேர்மேலே தூக்கி எடுத்தார். கண்டென்சர் கட்டிய இடத்திலேயே நின்றது.

கேஸைத் திறந்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. ஆனால் காடிக்குள் இருப்பது ஆர்134ஏ. ஓசோனைக் கெடுத்த ஆர்12ஐக் குறைக்க 1987இல் மாண்ட்ரியலில் உலகம் ஒப்புக்கொண்ட பிறகு அதன் இடத்துக்கு வந்தது. ஓசோனை இது கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அரைக் கிலோ காற்றில் கலந்தால் 700 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இதையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் நாடுகள் உடன்பட்டன. அண்ணன் அதையெல்லாம் பேசவில்லை. வாக்கம் போட்டுப் புது கேஸ் நிரப்பும் செலவு வாடிக்கையாளர் தலையில் விழும் என்பதே அவர் கவலை. இரண்டு கவலைக்கும் மருந்து அந்த ஒரு கயிறுதான்.

அவர் தொழில் கற்ற காலத்தில் ரேடியேட்டர்கள் செம்பிலும் பித்தளையிலும் வந்தன. ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைத்து ஓட்டலாம். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். கீறினால் முழுதாக மாற்றுகிறார்கள். அந்தப் பற்றவைப்பு வேலை அருகிவிட்டதில் எனக்கு வருத்தமுண்டு.

புதியதைப் பொருத்தி, மூடியைத் திறந்தபடியே இஞ்சினை ஓடவிட்டார்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் வந்தன. மட்டம் இறங்க இறங்கப் பையன் கூலன்ட் ஊற்றினான். ஏர்கோனைப் போட்டபோது குளிர் குறையவே இல்லை.

பில்லில் ரேடியேட்டர் விலையும் கூலியும் மட்டுமே இருந்தன. உங்கள் காடிக்கு இந்த வேலை வந்தால், கேஸைத் திறக்காமல் முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியும் என்று சொல்லி, அப்படியே செய்து கொடுக்கும் போமனிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.