பணிஸின் ஆறு கிழமை

‘கூடு’ என்ற சொல்லை நாங்கள் குருவிக்கும் சொல்லுவோம், கோழிக்கும் சொல்லுவோம், நாய்க்கும் சொல்லுவோம். குருவி தன் கூட்டைத் தானே கட்டும், நினைத்த நேரம் வரும், போகும். நாய்க்கூடு வேறு சாதி. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் மதிலோரம் ஒன்று நிற்கும்: சீமெந்து நிலம், இரும்புக் கம்பி, மேலே தகரம். பகல் முழுக்க நாய் உள்ளே. இரவில் திறந்துவிட்டால் வளவுக்குக் காவல். நாங்கள் வளர்ந்த வீடுகளிலும் இதுதான் வழமை. அதனால் மிருக வைத்தியர் “ஆறு கிழமை கூட்டுக்குள்ள வையுங்கோ” என்று சொன்னபோது எங்கள் நாலு பேருக்கும் முகம் மாறிப்போனது.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறோம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். நோயாளியின் பெயர் பணிஸ். கன்ரீன் வாசலில் பணிஸ் துண்டுக்குக் காத்திருந்தே அந்தப் பெயரை வாங்கியவள். ஒரு வயதிருக்கும். கம்பஸில் எல்லோரும் அவளை “எங்கட பணிஸ்” என்றுதான் சொல்லுவார்கள். ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துவிட்டுப் போனது. பின்கால்களை இழுத்துக்கொண்டு மதிலோரம் கிடந்தாள். சுற்றி நின்று பரிதாபப்பட்டவர்கள் கனபேர். ஓட்டோ பிடிக்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் பிடித்தோம்.

அடிபட்ட நாயைத் தூக்குவது லேசான வேலை இல்லை. எவ்வளவு பழகிய நாயும் நோவில் கடிக்கும். துவாயால் தலையை மெல்ல மூடி, பலகை ஒன்றை உடம்புக்குக் கீழே தள்ளி, பலகையோடு தூக்கினோம். அப்படியும் எங்களில் ஒருத்தியின் கையில் பல் பட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் பணிஸுக்கு ஊசி போட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிசம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கினாள். காசு இல்லை, இலவசம். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கினால் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆகவே மஞ்சள், சுண்ணாம்பு பூசிக்கொண்டு வீட்டில் இருந்து பார்க்கிற விசயம் இல்லை இது.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. நல்லகாலம், எலும்பு விலகவில்லை. “சலம் போகுதோ?” என்று வைத்தியர் முதலில் கேட்டார். போகிறது என்றோம். அப்படியென்றால் சத்திரசிகிச்சை இல்லாமலே பொருந்த வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஓடக்கூடாது, பாயக்கூடாது, படி ஏறக்கூடாது என்றார். ஒரு வயது நாய்க்கு இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அதற்குத்தான் கூடு.

கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. பணிஸின் முரசு வெளிறியிருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல். இது உண்ணி கடிக்கும்போது பரவுகிற கிருமியால் வருவது. டொக்ஸிசைக்கிளின் குளிசை 28 நாளுக்கு எழுதித் தந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கவேணும், பாலோடு கொடுக்கக்கூடாது, பாலில் உள்ள கல்சியம் மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும் என்றார். நாலு நாளில் நாய் தெம்பாகிவிட்டது என்று நிறுத்தவும் கூடாதாம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுகிற பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சு. உண்ணி நாயில் மட்டும் இருப்பதும் இல்லை. இரத்தம் குடித்து முடித்ததும் இறங்கி, சுவர் வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு அறையை விட்டால் அரை வேலைதான். முன்வீட்டு அன்ரி நோவுக்குப் பனடோல் கொண்டுவந்து தந்தா. அன்பாகத்தான் தந்தா. மனிசர் குடிக்கிற நோக்குளிசைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கலாம், வைத்தியர் தந்த நோமருந்து இருக்கு அன்ரி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

கூடு ஒரு சீனியர் அக்காவிடம் இருந்து வந்தது. அவவின் குட்டி போன வருசம் பார்வோவில் செத்தது. ஊசி போட்ட குட்டிதான், ஆனால் போட்டது விசர்நாய் ஊசி மட்டும். அது பார்வோவைத் தடுக்காது. பார்வோவுக்கு வேறு ஊசி, குட்டிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, 16 கிழமை ஆகும்வரை இடைவெளி விட்டுப் பல தடவை போடவேணும். அந்த வைரஸ் மண்ணிலும் பொருட்களிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பணிஸுக்கோ எந்த ஊசியும் இல்லை. ஆகவே கூட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிசம் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் அறைக்குள் எடுத்தோம்.

அளவு முக்கியம். எழும்பி நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேணும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் சலம் விடும். எலும்பு பொருந்த வேண்டிய நாய் என்றால் உள்ளேயே நடக்கத் தொடங்கும்.

பழக்குவதற்கு எங்களுக்குக் கிடைத்தது முதல் சில நாட்கள். அப்போது அவளால் எழும்ப முடியாது. கதவு திறந்திருந்தாலும் வெளியே வரமாட்டாள். அந்த நாட்களில் ஒருத்தி எப்போதும் கூட்டுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து படித்தோம். சோறும் அவித்த மீனும் உள்ளேதான். குளிசை கொடுப்பது, காயம் துடைப்பது, அதாவது அவளுக்குப் பிடிக்காத எதையும், வெளியே எடுத்துவைத்துத்தான் செய்தோம். சாப்பிடும்போது கதவைச் சாத்துவோம், முடிய முதல் திறப்போம். ஐந்து நிமிசம், பத்து நிமிசம், பிறகு அரை மணித்தியாலம். அனுங்கினால் சலம் வருகிறதா, தண்ணீர் வேணுமா என்று பார்ப்போம். ஒன்றும் இல்லை என்றால் சத்தம் ஓய்ந்து ஒரு மூச்சு விட்ட பிறகு திறப்போம். குழறினால் கதவு திறக்கும் என்று பழகிவிட்டால் பிறகு இரவு முழுக்கக் குழறல்தான். கோபத்தில் ஒருநாளும் உள்ளே தள்ளவில்லை. தண்டனைக்குப் போட்ட இடத்தில் நாய் நிம்மதியாகப் படுக்காது.

விரிவுரை நேரசூசியோடு இன்னொரு நேரசூசியும் சுவரில் ஒட்டினோம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா யாராவது வந்து, வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தாங்கி முற்றத்துக்குக் கொண்டுபோகவேணும். குழுவேலை, ரியூட், பரீட்சை எல்லாம் இதற்குள் தான். காசை விட ஆள்தான் தட்டுப்பாடு.

அன்ரி ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. “வாயில்லாச் சீவனை அடைச்சு வைக்கிறது பாவம் பிள்ளையள்” என்றா. அவ அதைச் சொன்ன நேரம், பக்கத்து வளவில் டைகர் தகரக் கூட்டுக்குள் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டு நின்றது. சித்திரை வெயில். நாய்க்கு எங்களைப்போல வேர்க்காது. வாயால் இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உடம்புச் சூடு 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. டைகரை அடைத்ததை ஒழுங்கையில் ஒருவரும் பாவம் என்று சொன்னதில்லை, ஏனென்றால் அது எங்களுக்குப் பழகிய காட்சி.

இரண்டும் கம்பிதான், இரண்டும் பூட்டுத்தான். அந்த ஆறு கிழமையும் இதைப்பற்றி எங்களுக்குள் நிறையக் கதைத்தோம். பணிஸின் கூட்டுக்கு ஒரு காரணம் இருந்தது, முடிகிற திகதி இருந்தது, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா கதவைத் திறக்க ஆள் இருந்தது. டைகருக்கு இந்த மூன்றும் இல்லை. நாயைக் கூட்டில் வைக்கலாமா கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் இந்த மூன்றையும்தான் திருப்பிக் கேட்கிறோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு பொருந்தியிருந்தது. கூட்டின் கதவைக் கழற்றிவிட்டோம். பணிஸ் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், ஆனால் நடக்கிறாள். கோயில் வெடி கேட்டால் தானாக ஓடிப்போய்க் கூட்டின் பின்மூலையில் சுருண்டு படுப்பாள். கருத்தடையும் ஊசிகளும் முடிந்தன. விடுமுறைக்கு யார் ஊருக்குப் போவது, யார் நிற்பது என்று மாறி மாறிப் பெயர் எழுதியிருக்கிறோம். நாங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகு அவளை யார் பார்ப்பது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. புது பற்ச் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது பின்னேரங்களில் வந்து போகிறார்கள். அதில்தான் நம்பிக்கை.

பக்கத்து வளவு அங்கிள் இடைக்கிடை மதிலால் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார், “உங்கட நாய் கூட்டுக்குள்ள இருந்தும் ஏன் பிள்ளையள் குழறேல்ல?” செய்ததைச் சொன்னோம். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை தகரத்துக்கு மேலே கிடுகு போட்டிருந்தார். இப்போது பின்னேரம் நாலு மணிக்கு டைகரின் கதவைத் திறந்துவிடுகிறார். இரவுக்கு முதல் கதவு திறந்து டைகருக்குப் பழக்கம் இல்லை. முதல் இரண்டு நாளும் வெளியே வராமல் உள்ளேயே நின்று அவரைப் பார்த்ததாம்.