வெட்டினா மட்டும் போதுமா?
விறகுக்காக மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்த விருந்தாளி சீமைக்கருவேலம். இன்னிக்கு மதுரையைச் சுத்தி கண்மாய்க்குக் கண்மாய் அதுதான். 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை அகற்றச் சொன்னப்ப, கடப்பாரையோட கிளம்பின காலேஜ் பட்டாளத்துல நானும் ஒருத்தன்.

முள்ளு செருப்பைத் துளைக்கும், தாங்கிக்கலாம். வெட்டின கட்டை மறுபடி துளிர்க்குமே, அதாங்க கடுப்பு! தூரோட தோண்டணும். அதுக்குள்ள ஆடு நெத்தைத் தின்னு, புழுக்கை வழியா விதையைப் பரப்பிடும்.

"அம்புட்டையும் பிடுங்கிட்டா கரிமூட்டம் போட நாங்க எங்க தம்பி போறது?"னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அவங்க பிழைப்புக்கும் சேர்த்துதான் வழி யோசிக்கணும்.

நீங்க களத்துல இறங்கினா, ஒரு நாள் போட்டோவோட திரும்பிடாதீங்க. அடுத்த மழைக்கும் அதே கண்மாய்க்குப் போங்க. முளைச்சதைப் பிடுங்குங்க, கரையில வேம்பும் புங்கனும் நடுங்க!